ஒரே நிரல், வேறு திரை: இடைமுகத் தானியங்கிச் சோதனைகளில் வன்பொருள்சார் முரண் முடிவுகள் – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

ஒரே மென்பொருளின் இடைமுகத்தை ஒரே சோதனை நிரலைக் கொண்டு இரு வேறு கணினிகளில் சோதிக்கும்போது முடிவுகள் முரண்படுவது மென்பொருள் ஆக்கத்தில் நீண்டகாலமாக அறியப்பட்ட சிக்கலாகும். இம்முரணின் காரணத்தைக் கண்டறியவும் களையவும் 1980கள் தொடங்கி மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளை இக்கட்டுரை வரலாற்று முறையில் ஆராய்கிறது. எண்கணிதத் தரப்படுத்தம், கணினிவாரியான விடைப்படங்கள், சோதனைக்கென்றே அமைந்த எழுத்துரு, இணைப்பக்க ஒப்பீடு, மென்பொருள்வழி வரைவு ஆகிய வழிகள் இங்கு ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. ஒவ்வொரு வழியும் வழுவை நீக்கியதைக் காட்டிலும் 'ஒன்றுபோல் இருத்தல்' என்பதன் பொருளை மாற்றியமைத்தது என்பதும், தமிழ் எழுத்துகளின் திரைத்தோற்றத்தில் அம்மாற்றம் நேரடி விளைவுடையது என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்களாம்.

திறவுச்சொற்கள்: இடைமுகச் சோதனை, வழுநீக்கம், மிதவைப்புள்ளி, படப்புள்ளி, உலாவி, எழுத்துரு, ஒருங்குறி, தமிழ் எழுத்துருவாக்கம்.

முன்னுரை

இடைமுகத் தானியங்கிச் சோதனை என்பது மனிதருக்குப் பதிலாக ஒரு நிரலே மென்பொருளை இயக்கிப் பார்ப்பதாகும். அது பொத்தானை அழுத்தும். கட்டத்தில் எழுத்துகளை உள்ளிடும். பின்னர்த் திரையில் தோன்றுவதை முன்பே சேமித்துவைத்த விடையுடன் ஒப்பிடும். இரண்டும் பொருந்தினால் தேர்ச்சி, பொருந்தாவிடில் தோல்வி. எளிமையாகத் தோன்றும் இம்முறையில் ஓர் அடிப்படை நம்பிக்கை பொதிந்துள்ளது. நிரல் மாறாதவரை திரையும் மாறாது என்பதே அது. நிரலாளரின் மேசைக் கணினியில் தேறிய சோதனை வழங்கியில் தோற்கும்போது அந்நம்பிக்கை கேள்விக்குள்ளாகிறது.

அத்தகைய தோல்வியில் முதலில் ஐயத்திற்கு உள்ளாவது நிரல், அடுத்து, சோதனை. கணினியின் மீது ஐயம் எழுவது பெரும்பாலும் கடைசியில்தான். சுவடிப் பதிப்பில் பழகியவர்களுக்கு இந்நிலை புதிதன்று. இரு சுவடிகளுக்கிடையே பாடவேறுபாடு தோன்றினால் உடனே அதை ஏடெழுதியவரின் பிழையென்று ஒதுக்கிவிட முடியாது. அவ்வேறுபாடு எந்தப் படியில், எக்காரணத்தால் நுழைந்தது என்று தேட வேண்டும். கணினித் திரைகளுக்கிடையேயான வேறுபாட்டுக்கும் இதே தேடல் வேண்டியிருந்தது. அத்தேடலின் வரலாறு திரையில் தொடங்கவில்லை, எண்ணில் தொடங்கியது.

எண்கள் முரண்பட்ட காலம்

1970களில் பின்னக் கணக்கை ஒவ்வொரு கணினி நிறுவனமும் தன் விருப்பப்படி அமைத்துக்கொண்டிருந்தது. ஐபிஎம் 360 வரிசைக் கணினிகள் பதினாறடிமான எண்முறையைப் பின்பற்றின. டிஜிட்டல் நிறுவனத்தின் வாக்ஸ் ஈரடிமான முறையைக் கொண்டிருந்தது. கிரே மீக்கணினிகள் முழுமையாக்கலில் வேறொரு வழியைக் கையாண்டன. ஒரே ஃபோர்ட்ரான் நிரல் மூன்று கணினிகளில் மூன்று விடைகளைத் தருவது அக்காலத்தில் வியப்புக்குரியதன்று. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகப் பேராசிரியர் வில்லியம் கஹான் இந்நிலையை மாற்ற முற்பட்டார். அவருடைய பங்களிப்போடு உருவான இன்டெல் 8087 துணைச்செயலி 1980இல் வெளிவந்தது. ஐஇஇஇ 754 என்னும் தரம் 1985இல் ஏற்கப்பட்டது. இப்பணிக்காக 1989ஆம் ஆண்டின் டூரிங் விருது அவருக்கு வழங்கப்பட்டது.

தரம் ஏற்கப்படுவதற்கு முன்பே கஹான் எழுதிய 'பாரனோயா' என்னும் சிறு நிரல் இவ்வரலாற்றில் தனிக் கவனத்துக்குரியது. முதலில் பேசிக் மொழியில் எழுதப்பட்டுப் பின்னர் வேறு மொழிகளுக்குப் பெயர்க்கப்பட்ட அந்நிரல், தான் இயங்கும் கணினியின் கணிதத்தையே வினவியது: அடிமானம் எது, எத்தனை இலக்கத் துல்லியம், முழுமையாக்கும் முறை யாது என்றெல்லாம் சோதித்துக் குறைகளை அறிவித்தது. கணினியின் மீது நிரல் ஐயங்கொள்ளலாம் என்பதை முறையாக நிறுவிய தொடக்க முயற்சிகளுள் அது ஒன்று. 'காரணமற்ற ஐயம்' என்று பொருள்படும் பெயரைச் சூட்டியதில் ஆக்கியோனின் நகைச்சுவை தெரிகிறது. பின்னாளில் அவ்வையத்துக்குக் காரணம் இருந்ததும் வெளிப்பட்டது.

தரம் வந்தபின்னும் முரண் ஒழியவில்லை. இன்டெல் செயலிகளின் எக்ஸ்87 பகுதி, இடைக்கணக்குகளை 80 பிட்டு அகலமுள்ள பதிவகங்களில் வைத்திருந்தது. நினைவகத்துக்கு அனுப்பும்போது 64 பிட்டாகக் குறைத்தது. துல்லியம் கூட வேண்டும் என்னும் நல்லெண்ணத்தில் அமைந்த இவ்வேற்பாடு எதிர்பாராத விளைவைத் தந்தது. ஒரு மதிப்பு பதிவகத்திலேயே தங்குமா, நினைவகத்துக்குச் சென்று திரும்புமா என்பதை நிரலாளர் முடிவு செய்வதில்லை; தொகுப்பி முடிவு செய்கிறது. ஆகவே ஒரே கூட்டல் இரு இடங்களில் இரு விடைகளைத் தரக்கூடும். காரணத்தை அறிய இடையில் ஓர் அச்சிடும் கட்டளையைச் சேர்த்தால், மதிப்பு நினைவகத்துக்குச் சென்றுவிடும், வழு மறைந்துவிடும். கட்டளையை நீக்கினால் வழு திரும்பும். ஜிசிசி தொகுப்பியின் வழுப்பட்டியலில் 323ஆம் எண்ணில் 2000ஆம் ஆண்டு பதிவான முறையீடு இதைப் பற்றியதே. அது தொகுப்பியின் பிழையா, செயலியின் இயல்பா என்னும் வாதம் பல ஆண்டுகள் நீடித்தது.

இவ்வெண் முரணுக்கும் இடைமுகத்துக்கும் உள்ள தொடர்பை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 300 படப்புள்ளி அகலமுள்ள பெட்டியில் ஒரு வரி அமைய வேண்டும். எழுத்துகளின் அகலங்களைக் கூட்டினால் சரியாக 300 வருகிறது. வேறொரு கணினியில் அதே கூட்டல், பதின்மப் புள்ளிக்குப் பின் பதின்மூன்றாம் இடத்தில் ஓர் இலக்கம் கூடுதலாக வருகிறது. கடைசிச் சொல் அடுத்த வரிக்கு இறங்கிவிடும். அதன்கீழ் உள்ள அனைத்தும் ஒரு வரி தாழும். கண்ணால் காணவியலாத எண் வேறுபாடு, முழுப் பக்கமும் மாறிப்போன படமாகச் சோதனையில் வெளிப்படும். வெப்கிட் உலாவிப் பொறி 2012ஐ ஒட்டிப் பக்க அமைப்புக் கணக்கில் படப்புள்ளியின் கூறுகளையும் கொள்ள முற்பட்டபோது, மிதவைப்புள்ளியை நாடாமல் நிலைப்புள்ளி எண்களைத் தேர்ந்துகொண்டது. அதன் வழித்தோன்றலான பிளிங்க் பொறியில் ஒரு படப்புள்ளி 64 கூறுகளாகப் பகுக்கப்படுகிறது. முழு எண்களின் கூட்டல் எக்கணினியிலும் மாறாது.

வன்பொருளே குற்றவாளி என்று மெய்ப்பிக்கப்பட்ட நிகழ்வுகளுள் புகழ்பெற்றது 1994இல் நடந்தது. அமெரிக்காவின் வர்ஜீனிய மாநிலத்தில் உள்ள லிஞ்ச்பர்க் கல்லூரியின் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி, இரட்டைப் பகா எண்களின் தலைகீழிகளைக் கூட்டும் ஆய்வில் ஈடுபட்டிருந்தார். பல கணினிகளில் பகிர்ந்து நடந்த அவ்வாய்வில் பென்டியம் கணினி ஒன்றும் அவ்வாண்டு சேர்க்கப்பட்டது. ஜூன் 13 அன்று விடைகளில் முரண் தென்பட்டது. அவர் உடனே செயலியைக் குற்றம் சாட்டவில்லை. தம் நிரல், தொகுப்பி, தாய்ப்பலகை என ஐயத்துக்குரிய ஒவ்வொன்றையும் தனித்தனியே மாற்றியும் நீக்கியும் பார்த்தார். நான்கு மாதங்களுக்குப் பின், அக்டோபர் 19 அன்று, பிழை செயலியின் வகுத்தலில்தான் என்று உறுதி கொண்டார். 824633702441 என்னும் பகா எண்ணின் தலைகீழியும் அதன் இணையான 824633702443 என்பதன் தலைகீழியும் பிழையாக வந்தன. மிதவைப்புள்ளிப் பகுதியை முடக்கியபோது விடை சரியாயிற்று. பழைய 486 கணினியிலும் சரியாகவே வந்தது.

வகுத்தலுக்கு உதவும் அட்டவணையில் மதிப்பு இருக்கவேண்டிய 1066 கட்டங்களுள் ஐந்து வெறுமையாக விடப்பட்டிருந்ததே காரணம். இயல்பான பயனருக்கு 27,000 ஆண்டுகளுக்கு ஒருமுறையே இப்பிழை நேரும் என்றது இன்டெல். 24 நாள்களுக்கு ஒருமுறை நேரலாம் என்றது ஐபிஎம். டிசம்பர் 20 அன்று, வேண்டுவோர் அனைவருக்கும் செயலியை மாற்றித் தருவதாக இன்டெல் அறிவித்தது, இதற்கென 47.5 கோடி டாலரை அது ஒதுக்க நேர்ந்தது. பெருந்தொகையையும் நிறுவனத்தின் சங்கடத்தையும் பலர் எழுதியுள்ளனர். நைஸ்லி ஒவ்வொரு காரணியாக விலக்கிய நான்கு மாத உழைப்பே இங்குக் கருதத்தக்கது. பிற்காலத் திரைச்சோதனை வழுநீக்கர்கள் கையாண்ட நெறியும் அதுவே: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று; மற்றவை அனைத்தும் அப்படியே இருக்கட்டும்.

விரைவு தரும் பிழை

எண்ணைப் போலவே காலமும் முரணுக்குக் காரணமாயிற்று. டர்போ பாஸ்கல் மொழியில் எழுதப்பட்ட நிரல்கள் 1990களின் இறுதியில் புதிய கணினிகளில் தொடங்கியவுடனேயே 'இயக்கப் பிழை 200' என்று கூறி நின்றன. காத்திருப்புக் கட்டளைக்காக அந்நிரல்கள் ஏறத்தாழ 55 மில்லிவினாடியில் எத்தனை சுற்றுகள் ஓடுகின்றன என்று எண்ணி, அதை 55ஆல் வகுத்தன. செயலி விரைவானதும், விடை 16 பிட்டுக்குள் அடங்காமல் போயிற்று. நிரலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. கணினி விரைவானதுதான் குற்றம்.

இணையப் பக்கங்களைத் தானே இயக்கிப் பார்க்கும் செலினியம் என்னும் கருவியை ஜேசன் ஹக்கின்ஸ் 2004இல் தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில் உருவாக்கினார். இதன் வழித்தோன்றல்கள் பரவியபோது காலமுரணும் பரவியது. பொத்தானை அழுத்தியபின் பக்கம் வரும்வரை சோதனை காத்திருக்க வேண்டும். எவ்வளவு நேரம்? விரைவான கணினியில் அரை வினாடி போதும். நான்கு மெய்நிகர் கணினிகள் ஒரே செயலியைப் பங்கிட்டுக்கொள்ளும் வழங்கியில் ஐந்து வினாடியும் போதாது. 'இத்தனை வினாடி காத்திரு' என்பதை விடுத்து, 'இன்னது தோன்றும்வரை காத்திரு' என்று எழுதும் வழக்கம் மெல்லவே வேரூன்றியது. 51 அப்பாச்சி திட்டங்களில் நிலையற்ற சோதனைகளைத் திருத்திய 201 மாற்றங்களை ஆராய்ந்த லுவோ உள்ளிட்டோரின் 2014ஆம் ஆண்டுக் கட்டுரை, அவற்றுள் ஏறத்தாழ 45 விழுக்காடு காத்திருப்புச் சிக்கலே என்று கண்டது. கூகிள் நிறுவனத்தில் ஏறத்தாழ 16 விழுக்காட்டுச் சோதனைகள் ஏதோ ஓரளவில் நிலையற்றவை என்று ஜான் மிக்கோ 2016இல் எழுதினார். மொசில்லாவின் சோதனைப் பலகையில் தோல்வி ஆரஞ்சு நிறத்தில் காட்டப்பட்டதால், இத்தகைய தோல்விகளை ஒழிக்கும் முயற்சிக்கு 'ஆரஞ்சு மீதான போர்' என்றே பெயரிட்டிருந்தனர்.

படப்புள்ளியின் ஆட்சி

திரைப்படத்தை நேரடியாக ஒப்பிடும் சோதனைகளில்தான் வன்பொருளின் கை மிகத் தெளிவாகத் தெரிந்தது. உலாவிகளின் தரத்தைப் பொதுமக்கள் முன் வைத்த ஆசிட் சோதனைகள் மூன்று: முதலாவதை டாட் ஃபாரனர் 1998இல் அமைத்தார்; இரண்டாவது 2005இலும் மூன்றாவது 2008இலும் வெளிவந்தன. மூன்றாவதை வடிவமைத்த இயன் ஹிக்சன், நூறு மதிப்பெண் பெறுவது மட்டும் போதாது என்றார். இறுதித் தோற்றம் மேற்கோள் படத்துடன் படப்புள்ளி பிசகாமல் பொருந்த வேண்டும். அசைவும் தடையின்றி அமைய வேண்டும். தடையின்றி என்றால் எந்தக் கணினியில்? அக்காலத்து ஆப்பிளின் உயர்நிலை மடிக்கணினியே மேற்கோள் வன்பொருளாகக் கொள்ளப்பட்டது. உட்சோதனை ஒவ்வொன்றும் அதில் 33 மில்லிவினாடிக்குள் முடிய வேண்டும். பொதுத்தரம் ஒன்றின் சோதனைக்குள் விலைமிக்க ஒரு குறிப்பிட்ட கணினி நுழைந்துவிட்டதை இங்குக் காண்கிறோம்.

2005இல் திறமூலமாக வெளியிடப்பட்ட வெப்கிட், ஆயிரக்கணக்கான பக்க அமைப்புச் சோதனைகளைக் கொண்டிருந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் எந்தப் பெட்டி எங்கே, எவ்வளவு அகலத்தில் அமைகிறது என்பது எழுத்துவடிவில் பட்டியலிடப்பட்டு, எதிர்பார்க்கும் பட்டியலுடன் ஒப்பிடப்பட்டது. தேவைப்பட்ட இடத்தில் படமும் ஒப்பிடப்பட்டது. மேக் கணினியில் ஓர் எழுத்தின் அகலம் வேறு, விண்டோசில் வேறு, லினக்சில் வேறு. எனவே ஒவ்வொரு தளத்துக்கும் தனி விடைக்கோப்பகம் உருவாயிற்று. பின்னர் ஒரே தளத்தின் பதிப்புகளுக்குள்ளும் கிளைகள் தோன்றின. ஒரு வினாவுக்குப் பத்து விடைத்தாள்கள்! இவ்வேற்பாடு நேர்மையானது: வேறுபாட்டை மறைக்காமல் பதிந்து வைத்தது. ஆனால் அதன் குறை கடுமையானது. புதிய கணினியில் சோதனை தோற்றால், அங்கு வந்த படத்தையே புதிய விடையாகச் சேமித்துவிடும் ஆசையைத் தவிர்ப்பது எளிதன்று. அவ்வாறு சேமித்தபின் அச்சோதனை எதையும் சோதிப்பதில்லை, நடந்ததை ஒப்புக்கொள்கிறது.

வேறுபாட்டின் பெரும்பகுதி எழுத்துகளிலிருந்தே வந்தது. மைக்ரோசாஃப்ட் 1998இல் அறிவித்த கிளியர்டைப், ஒரு படப்புள்ளியின் சிவப்பு, பச்சை, நீலக் கூறுகளைத் தனித்தனியே கையாண்டு எழுத்தின் விளிம்பைக் கூர்மையாக்கியது. இதன்படி ஓர் எழுத்தின் படம் திரையில் அக்கூறுகள் அடுக்கப்பட்ட வரிசையையும் சார்ந்தது. தொலைமேசை வழியாக இயக்கும்போது விளிம்பு மென்மையாக்கம் இல்லாமலும் போகலாம். ஆகவே அதே கணினியில் நேரில் அமர்ந்து பார்க்கையில் தேறும் சோதனை, தொலைவிலிருந்து இயக்கினால் தோற்கும். ஆப்பிள் 2018இல் மொஹாவி பதிப்பில் உட்புள்ளி மென்மையாக்கத்தை இயல்பு நிலையிலிருந்து நீக்கியபோது, அதற்கு முன் சேமித்த படங்கள் ஒரே நாளில் பழையனவாயின.

எழுத்துதான் சிக்கல் என்றால் எழுத்தை நீக்கிவிடலாமே என்று சிந்தித்ததன் விளைவு 'ஆஹெம்' எழுத்துரு. இதையும் ஃபாரனரே உருவாக்கினார். இதில் பெரும்பாலான எழுத்துகள் வளைவோ கொக்கியோ அற்ற முழுச் சதுரங்கள். சில, அடிக்கோட்டுக்கு மேல் அல்லது கீழ் மட்டும் நிரம்பிய செவ்வகங்கள். எழுத்துருவின் அளவில் ஐந்தில் நான்கு பங்கு அடிக்கோட்டுக்கு மேலும் ஒரு பங்கு கீழும் அமைவதால், ஐந்தின் மடங்காகிய அளவுகளில் சதுரத்தின் விளிம்பு படப்புள்ளியின் எல்லையிலேயே விழும். 25 படப்புள்ளி அளவில் மேற்பங்கு சரியாக 20. 18இல் அது 14.4 ஆகி, முழுமையாக்கும் முறையில் கணினிகள் வேறுபட இடந்தரும். இன்றும் உலாவிச் சோதனைகளில் இவ்வெழுத்துரு வழங்குகிறது. படிக்கவே இயலாத ஓர் எழுத்துரு, படிக்கும் பக்கங்களின் தரத்தைக் காக்கிறது.

மொசில்லாவின் டேவிட் பேரன் 2000களின் நடுப்பகுதியில் அமைத்த இணைப்பக்க ஒப்பீட்டு முறை, வினாவையே மாற்றியது. சேமித்த படம் இங்கு இல்லை. ஒரே தோற்றத்தைத் தரவேண்டிய இரு பக்கங்கள் வெவ்வேறு வழியில் எழுதப்படுகின்றன. இரண்டும் அதே கணினியில், அதே நேரத்தில் வரையப்பட்டு ஒப்பிடப்படுகின்றன. எழுத்துரு எதுவாயினும், வரைகலைச் செயலி எதுவாயினும் இரு பக்கங்களையும் ஒரேவிதமாகப் பாதிக்கும் என்பது இதன் அடிப்படை. 'ஒத்திருக்க வேண்டும்' என்பதுபோலவே 'வேறுபட வேண்டும்' என்றும் சோதனையில் குறிக்க இயலும். இரண்டு பக்கங்களும் ஒரே விதமாகத் தவறினால் இம்முறை அதைக் காணாது. எனினும் இவ்வரலாற்றில் மிகக் கூர்மையான சிந்தனை இதுவே என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. கணினிக்குக் கணினி மாறாத விடையைத் தேடுவதை விடுத்து, கணினிக்குக் கணினி மாறாத உறவை அது தேடியது. அம்முறைக்குள்ளும் பின்னர்ச் சமரசம் புகுந்தது: இத்தனை படப்புள்ளிகள் இத்தனை நிற அளவு வேறுபட்டால் பொறுத்துக்கொள்ளலாம் என்னும் விலக்கம் சேர்க்கப்பட்டது. வரைகலைச் செயலிகளே இதற்குக் காரணம். 1992இல் வெளிவந்த ஓப்பன்ஜிஎல் தரம், வெவ்வேறு ஆக்கங்கள் படப்புள்ளி பிசகாமல் ஒரே படத்தைத் தரும் என்று உறுதியளிக்கவேயில்லை. அது தன் எல்லைக்கு உட்பட்டதன்று என்று தெளிவாகவே கூறியது.

வழு கைரேகையாதல்

சோதனையாளருக்குத் தொல்லையாக இருந்த இவ்வேறுபாட்டைப் பிறிதொரு துறை பயனுள்ளதாகக் கண்டது. சான் டியேகோவில் உள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் கீட்டன் மவரி, ஹோவாவ் ஷாச்சம் ஆகியோர் 2012இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். உலாவியின் கேன்வாஸ் என்னும் வரைபரப்பில் ஒரே எழுத்துகளையும் ஒரே உருவத்தையும் வரையச் செய்து, வந்த படங்களை ஒப்பிட்டனர். 294 கணினிகளிலிருந்து 116 வேறுபட்ட படங்கள் கிடைத்தன. நிரல் ஒன்றே, படம் கணினியைக் காட்டிக்கொடுத்தது. 2014இல் பிரின்ஸ்டன், லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்னணி 1,00,000 தளங்களை ஆராய்ந்தபோது, அவற்றுள் 5.5 விழுக்காட்டில் பயனரைப் பின்தொடர இம்முறை கையாளப்படுவதைக் கண்டனர்.

சோதனைக் கூடங்கள் எதிர்த்திசையில் சென்றன. வரைகலைச் செயலியையே விலக்கிவிட்டு, மையச் செயலியில் மென்பொருள்வழியே வரையும் ஸ்விஃப்ட்ஷேடர், எல்எல்விஎம்பைப் போன்றவற்றை அவை நாடின. திரையே இல்லாத வழங்கியில் நினைவகத்தில் ஒரு பொய்த்திரையை அமைக்கும் எக்ஸ்விஎஃப்பி அதற்கும் முன்பே வழக்கில் இருந்தது. முரண் பெருமளவு அடங்கியது. ஆனால் பயனரின் கணினியில் இருப்பது உண்மையான வரைகலைச் செயலி. சோதனை தேறியது அது இல்லாத ஒரு கணினியில். செயலியின் இயக்கியில் உள்ள வழு, கூடத்தில் ஒருபோதும் தென்படாமல் பயனரின் திரையில் மட்டும் தென்படுவதற்கு இவ்வேற்பாடு வழிவிட்டது.

தமிழ் எழுத்தும் திரைச்சோதனையும்

இதுவரை கூறியவற்றில் பெரும்பகுதி இலத்தீன் எழுத்தை மனத்திற்கொண்டு நடந்தது. தமிழில் சிக்கல் இன்னோர் அடுக்கு கூடுகிறது. 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பு, இந்திய அரசின் 1988ஆம் ஆண்டு இஸ்கி தரத்தைப் பின்பற்றித் தமிழ் எழுத்துகளை ஒலிப்பு வரிசையில் சேமித்தது. 'கெ' என்பதில் ககரம் முன்னும் ஒற்றைக்கொம்பு பின்னுமாக நினைவகத்தில் இருக்கும். திரையில் கொம்பு முன்னே வர வேண்டும். 'கொ' என்பதில் ஒரே குறி, கொம்பாகவும் காலாகவும் பிரிந்து எழுத்தின் இருபுறமும் நிற்க வேண்டும். இதைச் செய்வது எழுத்துருவமைப்புப் பொறி. விண்டோசில் யூனிஸ்கிரைப் அப்பணியைச் செய்தது. விண்டோஸ் 2000 முதல் தமிழ் ஆதரவு கிடைத்தது. ஆனால் விண்டோஸ் எக்ஸ்பி பதிப்பில் சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளை அமைப்புப் பலகையில் தனியே தேர்ந்து நிறுவ வேண்டியிருந்தது. நிறுவாத கணினியில் கொம்பு இடம் மாறித் தோன்றும். அக்காலத்தில் தமிழ் இணையப் பக்கங்களைப் படித்தோர், ஒரு கணினியில் ஒழுங்காகவும் பக்கத்துக் கணினியில் சிதைந்தும் தோன்றிய வரிகளை மறந்திருக்க மாட்டார்கள். பலர் கணினியையே பழித்தனர். உண்மையில் அது தேர்ந்திடாத ஒரு கட்டம்.

ஆஹெம் போன்ற தீர்வு இங்கு உதவாது. எல்லாம் சதுரமானால் கொம்பு முன்னே நின்றதா பின்னே நின்றதா என்று அறிய வழியில்லை. பெஹ்தாத் எஸ்ஃபஹ்போதின் ஆக்கமாக வளர்ந்து, இன்று குரோம், ஃபயர்பாக்ஸ் இரண்டிலும் இயங்கும் ஹார்ஃப்பஸ் பொறி வேறு வழியைக் கண்டது. அதன் சோதனை படத்தை ஒப்பிடுவதில்லை. ஓர் எழுத்துருவும் ஒரு சொல்லும் தரப்பட்டால், எந்தெந்த வடிவங்கள் எவ்வரிசையில் எவ்விடத்தில் அமைகின்றன என்னும் பட்டியலையே ஒப்பிடுகிறது. திரையும் செயலியும் மென்மையாக்கமும் இதற்குள் நுழைய இயலாது. இந்திய எழுத்துமுறைகளுக்கு விக்கிப்பீடியாவிலிருந்து திரட்டிய ஏராளமான சொற்களைக் கொண்டு, ஹார்ஃப்பஸ் தரும் பட்டியல் யூனிஸ்கிரைப் தரும் பட்டியலுடன் ஒப்பிடப்பட்டது. முரண்களைக் களைவதில் இம்முறை பெரும்பயன் தந்தது. அதே வேளையில் ஒன்றைக் கருத வேண்டும்: தமிழ் எழுத்து சரியாக அமைந்ததா என்பதற்கு இங்கு உரைகல்லாக நின்றது தமிழ் இலக்கணமோ அச்சு மரபோ அன்று, பிறிதொரு நிறுவனத்தின் மென்பொருள்.

பேரனின் முறையைத் தமிழுக்குப் பொருத்திப் பார்த்தால் அதன் வலிமையும் எல்லையும் ஒருங்கே புலப்படும். 'கொ' என்பதை இரு வகையில் சேமிக்கலாம்: ககரத்தின்பின் ஒகரக்குறி என்னும் ஒரே குறியீட்டுப்புள்ளி, அல்லது ககரத்தின்பின் கொம்பும் காலுமாக இரு புள்ளிகள். ஒருங்குறி இவ்விரண்டையும் சமமென வரையறுக்கிறது. ஒரு பக்கத்தில் முதல் வகையும் மறுபக்கத்தில் இரண்டாம் வகையும் எழுதி, 'ஒத்திருக்க வேண்டும்' என்று குறித்தால், எந்தக் கணினியிலும் எந்த எழுத்துருவிலும் செல்லத்தக்க சோதனை அமைந்துவிடுகிறது. தோற்றால் எழுத்துருவிலோ பொறியிலோ குறை உள்ளது. அவ்விரண்டுள் எது என்பதை எழுத்துருவை மட்டும் மாற்றி அறியலாம்.

'ஸ்ரீ' அவ்வளவு எளிதன்று. 2005இல் வெளிவந்த ஒருங்குறி 4.1 பதிப்பில் 'ஶ' எழுத்து சேர்க்கப்பட்டது. அதன்பின் அக்கூட்டெழுத்தைச் சகரவகையின் அப்புதிய எழுத்தைக் கொண்டும், பழைய வழக்கப்படி ஸகரத்தைக் கொண்டும் எழுதுவோர் உளர். இரண்டுக்கும் ஒரே வடிவத்தைத் தரும் எழுத்துருக்கள் உண்டு; பழைய எழுத்துருக்களில் முன்னது வெறுங்கட்டமாகத் தோன்றும். இவ்விரண்டும் ஒருங்குறியில் சமமென வரையறுக்கப்படாதவை. ஆகவே 'ஒத்திருக்க வேண்டும்' என்றோ 'வேறுபட வேண்டும்' என்றோ எழுதும் சோதனை, எழுத்துருவுக்கேற்பத் தேறும் அல்லது தோற்கும்.

ஆய்வாளர்களை நேரடியாகத் தீண்டுவது ஔகார வரிசை. 'கௌ' என்பதன் குறி, கொம்பும் அதற்கெனத் தனியே குறியீட்டுப்புள்ளி பெற்ற ஔகார நீட்டற்குறியும் சேர்ந்ததற்குச் சமம். அந்நீட்டற்குறி ளகரத்தின் வடிவத்தை ஒத்தது. எனவே ககரம், கொம்பு, ளகர உயிர்மெய் ஆகிய மூன்றையும் தட்டெழுதி 'கெள' என்று அமைத்தோர் பலர். சில எழுத்துருக்களில் நீட்டற்குறி ளகரத்தினும் சிறியது. அங்கு இரண்டும் வேறாகத் தெரியும். வேறு சிலவற்றில் இரண்டும் ஒரே வடிவம்; படப்புள்ளி ஒன்றுகூட வேறுபடாது. இவ்விரண்டும் 'வேறுபட வேண்டும்' என்று எழுதிய படச்சோதனை, முதல்வகை எழுத்துரு நிறுவப்பட்ட கணினியில் தேறும். இரண்டாம் வகை நிறுவப்பட்ட கணினியில் தோற்கும். வழு என்று கொண்டு செயலியையும் இயக்கியையும் எவ்வளவு ஆராய்ந்தாலும் காரணம் கிடைக்காது. இரு கணினிகளும் தத்தம் எழுத்துருவைப் பிழையின்றியே வரைந்துள்ளன. படத்தை ஒப்பிட்டுத் தேறிய மின்பதிப்பில் 'கௌதமன்' என்று தேடும் ஆய்வாளருக்கு, ளகரத்தைக் கொண்டு உள்ளிடப்பட்ட இடங்கள் அகப்படுவதில்லை. பக்கத்தைப் படமாக வாங்கி எழுத்தாக மாற்றும் எழுத்துணரிக் கருவிகளும் வடிவத்தையே முதலில் காண்பதால் இதே ஐயத்துக்கு உட்படுகின்றன. இவ்வேறுபாட்டைப் பிடிக்கத் திரையை விட்டு நீங்கி, குறியீட்டுப்புள்ளிகளின் வரிசையையே வாசிக்கும் சோதனை தேவைப்படுகிறது; அச்சோதனைக்கு வரைகலைச் செயலி எது என்பதும், எழுத்துரு எது என்பதும் ஒரு பொருட்டன்று.